இரண்டாம் நாற்காலி – 14: காரணம் கேட்காத வீடு

நமக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று. அந்த வீட்டில் ஒரே ஒரு இரவுதான் கழிந்திருக்கிறது. அந்த இரவில் சின்னவள் ஒரு பொட்டுக்கூடக் கண் மூடவில்லை.

கருவிப் பெட்டியின் சாவியை அம்மா அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சாவிதானே, போகட்டும். பிடுங்கிய கையோடு அம்மா சொன்ன ஒரு வாக்கியம்தான் தூக்கத்தைக் கெடுத்தது.

"நாளைக்கு உன் நாற்காலியில உன் அக்கா உட்காருவா."

இந்த வீட்டுக்குள் இன்றுதான் காலடி வைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய ரயில்வே பாக்கெட் கடிகாரங்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர்களை ஏமாற்றுகிறவர்கள் அதைவிட நிறையப் பேர். எஞ்சின் ஓட்டுகிறவரும் கடைசிப் பெட்டியில் வருகிற கார்டும் ஒரே நேரத்தைச் சுமந்தாக வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி என்றிருந்த காலத்துக் கடிகாரங்கள் அவை. அது அசலா, ஒட்டுப்போட்டதா என்று பார்த்துச் சொல்வதுதான் இந்தக் குடும்பத்தின் பிழைப்பு. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஓர் அறை. அந்த அறையின் ஜன்னலோரம் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும். முதல் நாற்காலி அம்மாவுடையது. கடைத்தெருவில் அவளுக்கு 'ஜட்ஜம்மா' என்று பெயர். பாதி மரியாதை, பாதி பயம். இரண்டாம் நாற்காலி அப்பாவுடையது. அப்பா போன பிறகு கொஞ்ச காலம் பெரியவள் அதில் உட்கார்ந்தாள். அவள் கல்யாணமாகிப் போனதும் அது சின்னவளுக்கு வந்தது.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. முதலில் அம்மா தனியாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். முடிவை மனதுக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அம்மாவின் மனசு நடுவில் மாறிவிடும் என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. பிறகு இரண்டாம் நாற்காலிக்காரர் தனியாகப் பார்ப்பார். அசல் என்றால் பச்சைத் துணி விரித்த தட்டில் கடிகாரத்தை நிமிர்த்தி வைக்க வேண்டும். அசல் இல்லையென்றால் கவிழ்த்து வைக்க வேண்டும். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிட வேண்டும். அம்மா வந்து துணியை எடுப்பாள். இருவர் முடிவும் ஒன்றாக இருந்தால்தான் கடிகாரம் அந்த வீட்டின் பெயரோடு வெளியே போகும்.

இதில் முக்கியமானது ஒன்று. ஏன் நிமிர்த்தினாய், ஏன் கவிழ்த்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. காரணம் பேசினால் ஒரு கண்ணின் முடிவு இன்னொரு கண்ணுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அம்மாவின் வாதம். அப்பாவும் அம்மாவும் காரணம் பேசப் போய், அது புருஷன் பெண்டாட்டி சண்டையாகி, மூன்று நாள் அடுப்பு எரியாமல் கிடந்த பிறகு பிறந்த சட்டம் என்பது பெரியவளின் ரகசியத் தகவல்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்த வீட்டு மாப்பிள்ளை, பெரியவளின் புருஷன், ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்தார். மலை ரயில் முதன்முதலாக ஓடிய நாளில் அதை ஓட்டியவரின் சட்டைப்பையில் இருந்தது என்றார். பின்மூடியில் நீராவி எஞ்சின் ஒன்று புகைவிட்டபடி செதுக்கப்பட்டிருந்தது. ரயில்வே அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. அம்மா பார்த்தாள். சின்னவள் பார்த்தாள்; பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். துணியை எடுத்த அம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை.

இன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாகச் சின்னவள் குளித்து, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, நேரே அந்த அறைக்குப் போனாள். இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டீயைக்கூட அங்கேயே வரவழைத்துக் குடித்தாள்.

அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"என்னடி, பழக்கம் புதுசா இருக்கு?"

"நீதானே புதுப் பழக்கம் ஆரம்பிச்ச? கவிழ்த்து வெச்சா கடிகாரம் திரும்பிப் போகும். அதுதான் இந்த வீட்டு வழக்கம். கவிழ்த்து வெச்சா ஆளை மாத்துவோம்னு எப்பலேர்ந்து?"

அம்மாவுக்குப் பதில் தெரியாமல் இல்லை. சொல்ல விரும்பவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"உன் கண்ணுல கோளாறு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"எந்தக் கோளாறு? என்ன பாக்கத் தவறிட்டேன்? சொல்லு."

"இந்த வீட்ல காரணம் சொல்றது இல்ல."

இதற்கு மேல் அம்மாவிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. சின்னவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தொடப்போகிற பெண் இப்படிக் குழந்தை மாதிரி அடம் பிடிக்கலாமா என்று அவளுக்கே ஒரு பக்கம் கூச்சமாக இருந்தது. ஆனால் இந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்றது, வேறு வேலைக்குப் போகாதது, கழுத்து வலி, கண் எரிச்சல் எல்லாம் இதற்காகத்தான்.

பெரியவளும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு எப்போதும் சிரித்த முகம். வாடகைக் கார் தொழிலை இழுத்து மூடிய அன்றும் அந்தச் சிரிப்பு மாறவில்லை என்பார்கள். பெரியவளின் முகத்தில்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கவலை இருந்தது. புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டே தங்கையைப் பார்த்தாள்.

"என்னடி இது, நாற்காலிக்குப் பிசின் போட்டுட்டியா?"

"நீ இதுல உட்கார்றதா இருந்தா என் மடியிலதான் உட்காரணும்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"பாத்தீங்களா அத்தை, பிடிவாதத்தை?" என்றார் மாப்பிள்ளை. "மியூசியத்து அம்மா பத்து மணிக்கு வந்துருவாங்க. போஸ்டர்கூட அடிச்சு ஒட்டிட்டாங்க. ஊர் பூரா நம்ம எஞ்சின் படம்தான்."

"நம்ம எஞ்சினா?" என்றாள் சின்னவள். "எப்ப அத்தான் எஞ்சின் வாங்கினீங்க?"

அவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் உள்ளே பஞ்சு வைத்த சின்னப் பெட்டி. குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போக வந்த மாதிரி அந்தப் பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ரெடியாம்மா?"

"ஒரு கண்ணு பாக்கி. பெரியவ பாத்துட்டா எடுத்துட்டுப் போகலாம்," என்றாள் அம்மா.

"இன்னொரு கண்ணு ஏற்கெனவே பாத்தாச்சு மேடம்," என்றாள் சின்னவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "கவிழ்த்தும் வெச்சாச்சு."

காப்பாட்சியர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியாள் முன்னால் வீட்டு விஷயம் அவிழ்ந்து விழுந்ததில் அவளுக்குக் காதுவரைக்கும் முகம் சிவந்துவிட்டது. சின்னவளோ வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை என்று ராத்திரியே முடிவு செய்திருந்தாள்.

"சரிம்மா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ," என்றாள். "அக்கா பாக்கட்டும். அக்காவுக்கும் நல்ல கண்ணுதான். அவ நிமிர்த்தி வெச்சா நான் இந்த நாற்காலியை விட்டுடறேன். இந்தத் தொழிலையே விட்டுடறேன், பேச்சு மாற மாட்டேன். கவிழ்த்து வெச்சா இந்தக் கடிகாரம் நம்ம வீட்டுப் பேரோட எங்கயும் போகக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் அம்மா. யோசிக்கக்கூட இல்லை. தன் புருஷன் கொண்டுவந்த கடிகாரத்தை எந்தப் பெண் கவிழ்த்து வைப்பாள் என்ற தைரியம் அது. சின்னவளும் அதை அறியாதவள் இல்லை. தோற்கப்போகிற பந்தயம் என்று தெரிந்தே கட்டினாள். சும்மா எழுந்து போவதைவிடத் தோற்றுப் போவது கொஞ்சம் மேல் என்று அவளுக்குப் பட்டது.

"எழுந்திரு, அவ பாக்கட்டும்."

"முடிவு வரட்டும், எழுந்துக்கறேன்."

அம்மா கையை ஓங்கிவிடுவாள் போலிருந்தது. பெரியவள்தான் நடுவில் புகுந்தாள்.

"எனக்கு நாற்காலியும் வேணாம் ஒண்ணும் வேணாம். சமையல்கட்டு ஜன்னல்ல வெளிச்சம் நல்லா இருக்கும். நின்னுக்கிட்டே பாத்துக்கறேன். எனக்கு நின்னு பழக்கம்தான்."

கடிகாரம் இருந்த தட்டையும் வெள்ளைத் துணியையும் எடுத்தாள். அம்மாவிடம் கையை நீட்டினாள். அம்மா பெட்டியைத் திறந்து லென்ஸையும் சின்னத் திருப்புளியையும் கொடுத்தாள். பெரியவள் உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி காத்திருப்பதுதான் வேலை.

மாப்பிள்ளை காப்பாட்சியருக்கு மலை ரயில் கதையை இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை அதில் ஒரு மழையும் ஒரு மண்சரிவும் புதிதாகச் சேர்ந்திருந்தன. காப்பாட்சியர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

சின்னவளின் காது சமையலறையிலேயே இருந்தது. குழாய் திறக்கிற சத்தம். கை கழுவுகிறாள். நல்லது, அக்கா மறக்கவில்லை. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் தன் காரணங்களை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கடிகாரத்தின் மெஷினை அதன் கூட்டுக்குள் இரண்டு திருகுகள் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் திருகுகள் கூட்டின் உள்விளிம்பைக் கவ்விக் கவ்வி இரண்டு தழும்பு விழும். இந்தக் கூட்டில் நான்கு தழும்புகள் இருந்தன. இரண்டு இந்த மெஷினுடையவை, இரண்டு வேறு ஏதோ மெஷினுடையவை. அது ஒன்று. பின்மூடியில் எஞ்சினின் புகைபோக்கி நேற்றுச் செதுக்கின மாதிரி கூராக இருந்தது. கரி அள்ளுகிற இடத்தில், முரட்டுத் துணிப் பைக்குள், வருஷக்கணக்கில் உரசிய கூடு என்றால் புகைபோக்கி தேய்ந்திருக்காதா? அது இரண்டு. எஞ்சினிலேயே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வழவழவென்று வெறும் கூட்டைத்தான் வைத்திருந்தார்கள். எஞ்சின் படம் போட்ட கூடுகளில் நிறைய, எஞ்சினைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்காகச் செய்தவை.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதுதான் அவளை இரண்டு வாரமாகப் படுத்திவைத்தது. பின்மூடிக் கீலின் உள்பக்கம், கடுகளவுக்கு ஒரு நட்சத்திரக் கீறல். கடிகாரத்தைப் பழுது பார்க்கிறவர்கள் உள்ளே இப்படி ஏதாவது குறி கீறிவைப்பது வழக்கம். யாருடைய குறி என்று கண்டுபிடித்தால் கடிகாரம் எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். சின்னவள் தனக்குத் தெரிந்த அத்தனை பட்டறைகளுக்கும் போன் போட்டுவிட்டாள். நட்சத்திரம் போடுகிற ஆள் ஒருத்தரும் அகப்படவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காய்கறி நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கேட்கக் கூடாத வீடாயிற்றே.

"ரொம்ப நேரமாகுதே," என்றார் மாப்பிள்ளை. சிரிப்பு கொஞ்சம் சுருங்கியிருந்தது.

"மறந்துபோன வேலை. மெதுவாத்தான் வரும்," என்றாள் அம்மா.

"மறந்திருக்காதும்மா," என்றாள் சின்னவள். அக்காவுக்காகப் பரிந்து பேசுகிறோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கதவு திறந்தது. பெரியவள் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மேலே வெள்ளைத் துணி. தட்டை மேஜையின் நடுவில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

சின்னவள் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள். துணிக்குக் கீழே இருப்பது நிமிர்ந்ததா கவிழ்ந்ததா என்று மேட்டைப் பார்த்துக் கணிக்கப் பார்த்தாள். மேடு ஒன்றாக இல்லை. இரண்டாக இருந்தது.

அம்மா துணியை எடுத்தாள்.

தட்டின் ஒரு பக்கம் மெஷின், கூடு இல்லாமல், டயல் மேலே தெரிய நிமிர்ந்திருந்தது. முள் ஓடிக்கொண்டிருந்தது. மறுபக்கம் கூடு காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் எள் மாதிரி இரண்டு திருகுகள்.

மாப்பிள்ளை கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"இது என்னடி பதில்?" என்றாள் அம்மா.

"நான் பாத்த பதில்," என்றாள் பெரியவள். "மெஷின் அசல். படுக்கவெச்சும் நிறுத்தியும் அஞ்சு விதமாத் திருப்பிக் காதுல வெச்சுக் கேட்டேன், தட்டுற தாளம் மாறவே இல்ல. ரயில்வேக்குன்னே செஞ்சது. கூடு அதோடது இல்ல. இதை நிமிர்த்தினாலும் பொய், கவிழ்த்தாலும் பொய். அதான் பிரிச்சு வெச்சேன்."

"காரணம் சொல்லாதேன்னு…"

"சொல்லாமதாம்மா ரெண்டு பேரும் இந்த ரெண்டு வாரம் நாசமா போனீங்க. நீ மெஷினைக் கேட்டே, நிமிர்த்தினே. இவ கூட்டைப் பாத்தா, கவிழ்த்தா. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும்."

சின்னவள் மெஷினைப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூட்டில் நான்கு தழும்பைக் கண்டதுமே அவள் மனசு கவிழ்ந்துவிட்டது. மெஷினை ஒழுங்காகக் காதில் வைத்துக் கேட்கவேயில்லை. அம்மா சொன்ன கோளாறு நிஜமாகவே அவள் கண்ணில் இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கஷ்டமாக இருந்தாலும் ஒப்புக்கொண்டாள்.

"மெஷின் விஷயத்துல நான் தப்பு," என்றாள் சத்தமாக. "அம்மா சரி."

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவுதானே? மெஷின்தான் கடிகாரம். கூடு வெறும் சட்டை. சட்டை கிழிஞ்சா வேற சட்டை. அந்தக் காலத்துலயே மெஷினைத் தனியா, கூட்டைத் தனியாத்தான் வாங்குவாங்க. திரும்ப மாட்டி அனுப்பிவிடு."

"ஆமா ஆமா, மாட்டிடலாம்," என்றார் மாப்பிள்ளை. "மாட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றார் காப்பாட்சியர். எல்லாரும் அவர் ஒருவர் அங்கே நிற்பதையே மறந்திருந்தார்கள். "போஸ்டர்ல நான் போட்டிருக்கறது மெஷின் படம் இல்லையே. எஞ்சின் படம்."

"சட்டையை வெறும் சட்டைன்னு விக்கலாம்மா," என்றாள் சின்னவள். "மலை ரயிலை ஓட்டினவரோட சட்டைன்னு விக்கக் கூடாது."

அம்மா கையிலிருந்த வெள்ளைத் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

பெரியவள் கவிழ்ந்திருந்த கூட்டை எடுத்து, கீலின் உள்பக்கத்தைத் தங்கைக்குக் காட்டினாள்.

"இது என்ன தெரியுதா?"

"நட்சத்திரம். ரிப்பேர்காரன் குறி. யாருன்னுதான் தெரியல. போன் போட்டே விரல் தேஞ்சுபோச்சு."

"எனக்குப் போட்டிருக்கலாமே!" என்றாள் பெரியவள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ரிப்பேர்காரனும் இல்ல, மண்ணும் இல்ல. ஊக்கால நான் கீறினதுடி அது. என் முதல் பல்லு விழுந்தப்ப இந்தக் கூட்டுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சிருந்தேன். என் கூடுன்னு அடையாளத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன்."

சின்னவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. ஊர் ஊராக அவள் தேடிய ரிப்பேர்காரனுக்கு அப்போது ஆறு வயசு!

"உனக்கு எப்படி இது கிடைச்சுது?"

"அம்மாவோட கட்டிலுக்கு அடியில ஒரு தகரப்பெட்டி இருக்கும், காலிக் கூடா போட்டு வெச்சிருப்பா. நீ தவழ ஆரம்பிச்சதும், எதையாவது எடுத்து முழுங்கிடுவேன்னு பெட்டியை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா. அதுக்கப்புறம் நானே பாத்ததில்ல. இப்பதான், சமையல்கட்டு ஜன்னல்லதான் பாக்கறேன்."

பெரியவள் புருஷன் பக்கம் திரும்பினாள். சின்னவளுக்குத் தெரிந்து, கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவரை நேருக்கு நேர் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

"எங்க வீட்டு அலமாரியில இருந்தது, மலை ரயிலை ஓட்டினவர் பைக்குள்ள எப்படிங்க போச்சு?"

"அது… மெஷின் எனக்குத்தான் கிடைச்சுது. பழைய தங்கம் உருக்கறவன்கிட்ட. தங்கக் கூட்டை உருக்கிட்டு, மெஷினை மட்டும் தூக்கிப் போட வெச்சிருந்தான். கூடு இல்லாத மெஷினை யாரு வாங்குவா…"

"நான் கூட்டைக் கேட்டேன்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே."

"நான் வீட்டுக்கு வர்றதா இல்லையாங்கறதே இப்ப நீங்க சொல்ற பதில்லதான் இருக்கு. சொல்லுங்க. அலமாரியை உடைச்சீங்களா?"

மாப்பிள்ளையின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு கடைசியாக விழுந்தது. சிரிப்பு இல்லாமல் பார்த்தால் அவர் பாவமாகக்கூட இருந்தார்.

"திருடன்னு மட்டும் சொல்லாத," என்றார். "நான் அலமாரியைத் தொடல. கூட்டை எனக்குக் குடுத்ததே அத்தைதான். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னதும் அத்தைதான். கேட்டுப் பாரு, இல்லேன்னு சொல்லட்டும்."

அம்மா இல்லையென்று சொல்லவில்லை.

பெரியவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். காப்பாட்சியர் தன் பஞ்சுப் பெட்டியை மெல்ல மூடினார். கடையில் பில் போடுகிற பெண் என்ன இவ்வளவு அமைதி என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே வாசலில் நின்றுவிட்டாள்.

இதை அத்தான் தனியாகச் செய்திருந்தால் எவ்வளவு சுலபம்! சின்னவள் திட்டித் தீர்த்துவிட்டுப் போய் நன்றாகத் தூங்கியிருப்பாள். தன் வீட்டுக் கூட்டை அம்மாவுக்கு அடையாளம் தெரியாதா? தெரிந்துதான் எல்லாம். தெரிந்துகொண்டே மகள் போன் மேல் போன் போட்டு நட்சத்திரத்தைத் தேடுவதைப் பார்த்தாள். தெரிந்துகொண்டே சாவியைப் பிடுங்கினாள். உன் கண்ணில் கோளாறு என்றாள். காரணம் கேட்கக் கூடாத சட்டம் அம்மாவுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது கோபத்தைவிட அழுகைதான் முதலில் முட்டிக்கொண்டு வந்தது. அவள் அதை விழுங்கினாள். காலையிலிருந்து விடாமல் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அம்மாவுக்கு எதிரே நின்றாள்.

"ஏன்மா?"

அந்த அறையில் அந்தச் சொல்லை யாரும் அம்மாவிடம் கேட்டதில்லை. அம்மா பெரியவளைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். யாராவது நடுவில் புகுந்து தடுப்பார்களா என்று தேடுகிற பார்வை அது. யாரும் புகவில்லை.

"ஏன்னு கேட்டேன்."

அம்மா காப்பாட்சியரையும் வாசலில் நின்ற பெண்ணையும் பார்த்தாள்.

"வெளியாளுங்களைப் போகச் சொல்லு. கதவைச் சாத்து. சொல்றேன்."

"மாட்டேன்," என்றாள் சின்னவள். கதவருகே போய் அதை இன்னும் அகலத் திறந்து, சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தாள். "இந்த வீட்ல இதுவரைக்கும் சாத்தினது போதும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லும்மா."